சுகந்தாவும் சாப்பிடாத சீப்பு ஜெல்லிகளும்

துபாயின் அல் கூஸில் ஜூலை மாத மதியத்தில் ரோட்டில் நின்றால் செருப்பு தாரோடு ஒட்டும். அந்த வெயிலில் சுகந்தா தடித்த பஞ்சு ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாகக் கிடங்கு வாசலில் நின்று பால் விடாத பிளேன்ரீ குடிப்பாள். எதிர்ப்பக்க டயர் கடை ஆட்கள் முதல் வாரம் சிரித்தார்கள், பிறகு கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். அவள் வேலை செய்த அறை அப்படி. கதவைத் திறந்தால் மூச்சு புகையாக வரும்.

துபாயில் புதிதாகத் திறக்கவிருந்த மீன் காட்சியகம் ஒன்றின் கிடங்கு அது. துருவக் கடல் பகுதிக்கென்று வரும் உயிர்களை முதலில் அங்கே வைத்துப் பழக்குவார்கள். உறைய ஒரு நூல் மிச்சம் என்கிற அளவுக்குக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் அவற்றை உயிரோடு வைத்திருப்பதும், வேளைக்கு இரை கொடுப்பதும் சுகந்தாவின் வேலை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, சொந்த ஊர் காரைநகர். ஓர் இடத்தில் தரித்திருப்பது அவளுக்கு வராது. குவைத்தில் ஃபர்வானியாவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தாள். அந்த வீட்டார் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள், ஒப்பந்தம் முடிந்த வாரமே கிளம்பிவிட்டாள். ஷார்ஜாவில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய் கழுவினாள். அஜ்மானில் அலங்கார மீன் கடையில் தொட்டி துப்புரவாக்கினாள். எங்கேயும் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போதே கால் பரபரக்கும், அவ்வளவுதான்.

கணவர் பத்மநாதன் நேர்மாறு. மஸ்கட் ரூவியில் ஒரே கடையில், ஒரே மேசையில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதுகிறவர். பிள்ளைகள் இல்லை. லீவு கிடைக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அவர் ரூவியில் ஒரு வீடு பிடித்து, குடும்ப விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். ஆவணி பிறக்க முதல் வந்துவிடுவதாகச் சுகந்தா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சீப்பு ஜெல்லிகள் வந்தன.

வடதுருவக் கடலிலிருந்து ஐஸ் பெட்டிகளுக்குள், தண்ணீர் நிரப்பிய பைகளில் வந்தன. முதலில் சுகந்தாவுக்குப் பையில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது: கோழி முட்டையளவில், கண்ணாடி போல ஒன்று. உடம்பின் மேலிருந்து கீழாக எட்டு வரிசையில் மெல்லிய மயிர்ச் சீப்புகள் ஓயாமல் அசைந்தன. அசைய அசைய அவற்றின் மேல் பட்ட வெளிச்சம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக உடைந்து ஓடியது.

"சொறிமுட்டை மாதிரி இருக்கு. கடிக்குமா?" என்று கேட்டாள். ஜெல்லிமீனை அவள் ஊரில் சொறிமுட்டை என்பார்கள்.

"கடிக்காதுக்கா. இதுக்குக் கொட்டுற முள்ளே கிடையாது, பசை மட்டும்தான்" என்றாள் ஹிஃப்ஸா. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உயிரியலாளர் அவள், காயல்பட்டினத்துப் பெண். சுகந்தாவைவிடப் பத்து வயது இளையவள். "உடம்புக்குள்ள இருந்து ரெண்டு நீள இழை விடும். தூண்டில் போட்டுட்டு சும்மா மிதக்கும். கோப்பிபாடுன்னு அரிசி அளவுல ஒரு கூனிப்பூச்சி, அது தானா வந்து இழையில ஒட்டும். அதை இழுத்து வாய்க்குள்ள போட்டுக்கும்."

இரண்டாவது தொட்டிக்கு வேறொன்று வந்தது. வெள்ளரிக்காய் வடிவம், இழை எதுவும் இல்லை, ஒரு முனை முழுவதும் வாய். அது பூச்சி தின்னாது. சீப்பு ஜெல்லியைத்தான் தின்னும். ஹிஃப்ஸா அதைப் பெரோயி என்றாள். சுகந்தா அன்றைக்கே அதற்கு 'வாயன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் தொட்டியில் இருந்தவை சாப்பிடவில்லை. இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றுகிற தண்ணீரோடு சும்மா சுற்றின. சுகந்தா கோப்பிபாடுகளை விட்டாள், அவை நீந்தித் திரிந்தன, ஒன்றும் ஒட்டவில்லை. நாளாக ஆக ஜெல்லிகள் சிறுத்தன. கோழி முட்டை காடை முட்டையாகிவிட்டது என்று அவள் ஓடிப்போய்ச் சொன்னாள்.

ஹிஃப்ஸா வந்து பார்த்தாள். "சிறுக்கும்க்கா. பட்டினி கிடந்தா தன் உடம்பையே செலவழிக்கும். அங்க கோடை கொஞ்ச காலம்தான். வெளிச்சம் வரும்போது தண்ணியில பாசி பெருகும், கோப்பிபாடு பாசியைத் தின்னு உடம்பு முழுக்க எண்ணெய் சேர்க்கும், இது கோப்பிபாடைத் தின்னு அந்த எண்ணெயைத் தனக்குள்ள வெச்சுக்கும். அப்புறம் மாசக்கணக்கா இருட்டு. அதையும் தாண்டி வர்ற சாதி இது. நீரோட்டத்தைக் குறைப்போம், வெளிச்சத்தைக் குறைப்போம், தொடாம விடுவோம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது."

தொடாமல் விடுவது சுகந்தாவால் முடிகிற காரியமா? கதவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், வெளியே வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பவும் போவாள். ஹிஃப்ஸா இரண்டு நாள் அபுதாபிக்குக் கூட்டமென்று போயிருந்தபோது, இரையைக் கூட்டினால் ஒன்றிரண்டாவது இழையில் முட்டாதா என்று நினைத்தாள். ஒரு கோப்பை இரை விட்டாள். ஒட்டவில்லை. இன்னொரு கோப்பை விட்டாள். பின்னேரம் மிச்சமிருந்ததையும் விட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போலிருந்தது. தின்னப்படாத கோப்பிபாடுகள் செத்து அடியில் படிந்து அழுகிக்கொண்டிருந்தன. ஜெல்லிகளில் பாதியைக் காணவில்லை. எடுத்துப் போட ஒரு பிணம்கூட இல்லை, அவை கரைந்தே போயிருந்தன. மீதியில் சிலவற்றின் சீப்புகள் நின்று நின்று அசைந்தன.

அவளே ஹிஃப்ஸாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. வந்த ஹிஃப்ஸா சத்தம் போடவில்லை, அதுதான் சுகந்தாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. இருவரும் தண்ணீர் மாற்றினார்கள். கடைசியில் ஹிஃப்ஸா, இனித் தேறாது என்று தெரிந்தவற்றை அகப்பையில் எடுத்தாள்.

"இதுகள வாயனுக்குக் குடுங்கக்கா. அதுவும் வந்ததுல இருந்து பட்டினி."

சுகந்தா கொடுத்தாள். வெள்ளரிக்காய் மெதுவாக நகர்ந்து வந்தது. ஜெல்லி அதன் உதட்டில் பட்டதும் அந்த வாய் விரிந்தது. கடிக்கவில்லை, மெல்லவில்லை, முழுதாக உள்வாங்கி வாயை மூடிக்கொண்டது. மூடிய உடம்பு கண்ணாடியாக இருந்ததால் உள்ளே போனதும் தெரிந்தது. விழுங்கப்பட்டதன் சீப்புகள் உள்ளேயும் கொஞ்ச நேரம் மினுங்கின. சுகந்தா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

"என்னை வேலையில இருந்து நிப்பாட்டப் போறீங்களா மேடம்?"

"நிப்பாட்டல. நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க. ஆனா இனி உங்க டூட்டி இந்த ஸ்டூல்ல உக்கார்றது மட்டும்தான். நான் சொல்ற அளவுக்கு மேல ஒரு சொட்டு போடக் கூடாது. உக்காந்து பாருங்க."

அன்று மாலை பத்மநாதனுக்குப் போனில் சொன்னாள், இப்போதைக்கு வரமுடியாது என்று.

"ஏன்?"

"அதுகள் இன்னும் சாப்பிடேல்லை."

"இஞ்ச பாரும் சுகந்தா. வேற ஆரும் இருந்தா சொல்லும். இல்லை என்னோட இருக்க விருப்பமில்லையெண்டாலும் சொல்லும். ஜெல்லி சாப்பிடேல்லை எண்டு எனக்குச் சொல்லாதையும்."

"உண்மையாத்தானப்பா சொல்லுறன்."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மஸ்கட் பஸ்ஸில் ஏறி, எல்லையில் காத்து நின்று, வாழ்க்கையில் முதன்முறையாகச் சொல்லாமல் கொள்ளாமல் அல் கூஸில் வந்து இறங்கினார். கையில் அல்வாப் பெட்டி ஒன்றும் சட்டை முழுக்க வியர்வையும். சுகந்தாவுக்கு அன்றைக்கும் டூட்டி. ஹிஃப்ஸாவிடம் கேட்டு, அவருக்கும் ஒரு ஜாக்கெட் கொடுத்து உள்ளே கூட்டிப் போனாள்.

இரண்டு ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். அறை அரையிருட்டாக இருந்தது. பத்மநாதனுக்குப் பல் கிட்டியது. தொட்டிக்குள் மிஞ்சியவை மெல்ல ஏறி இறங்கின. சுகந்தாவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் எழும்பப் பார்த்தபோது அவர் கையைப் பிடித்து இருத்தினார்.

"இரும். உதுக்குத்தானே சம்பளம்."

அவருக்கு உட்காரத் தெரியும், அது அவருடைய தொழில். நேரம் போனது. ஒரு ஜெல்லியின் பக்கவாட்டிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு நூல் வெளியே வந்தது. பிறகு மற்றப் பக்கத்திலிருந்தும் ஒன்று. நூல் நீண்டு நீண்டு, உடம்பைப்போல் பல மடங்கு நீளத்துக்குத் தொங்கியது. அதிலிருந்து இன்னும் மெல்லிய கிளை நூல்கள் பிரிந்து வலைபோல் விரிந்தன. தத்தித் தத்தி வந்த ஒரு கோப்பிபாடு அதில் முட்டியது, துள்ளியது, ஒட்டிக்கொண்டது. நூல் சுருங்கியது. ஜெல்லி ஒரு பக்கமாகத் திரும்பி வாயைக் கொடுத்தது.

சுகந்தா மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணாடி வயிற்றுக்குள் எண்ணெய்த் துளியோடு ஒரு செம்புள்ளி தெரிந்தது.

"சாப்பிட்டிட்டுது" என்றார் பத்மநாதன், ரகசியம் சொல்வதுபோல.

அவள் அழுதாள். பிறகு இருவரும் வாசலுக்கு வந்து வெயிலில் நின்று உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

"அப்ப எப்ப வாறீர்?"

"தெரியேல்லை. திறக்கும் வரைக்கும் நிண்டு பாக்கவேணும்போல இருக்கு. அதுக்குப் பிறகும் தெரியேல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது."

அவர் அல்வாப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு மாலைப் பஸ்ஸில் திரும்பினார்.

நவம்பரில் காட்சியகம் திறந்தது. துருவத் தொட்டியின் முன்னால் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சுகந்தா ரூவிக்குப் போனாள், புது வீட்டில் திரைச்சீலை தைத்தாள், பொங்கல் வைத்தாள். தை முடியுமுன்பே அறைக்கும் பால்கனிக்கும் நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்த நடையைப் பத்மநாதன் ஒரு மாதம் பார்த்தார். பிறகு கடை முதலாளியிடம் போய், மனைவியோடு துபாய்க்குப் போக வேலையை விடுவதாகச் சொன்னார். சுகந்தாவிடம் அதைச் சொன்னபோது அவளுக்குத்தான் பயம் வந்தது.

"நீங்கள் அங்க வந்தும் எனக்குக் கால் நிக்காட்டி?"

"அப்ப அதைப் பாப்பம்."

இப்போது அவர் அல் கூஸில் ஒரு கிடங்குக் கம்பனியில் கணக்கு எழுதுகிறார். அவள் பழைய குளிரறையில்தான். போன வாரம் ஹிஃப்ஸா புதுச் செய்தி கொண்டுவந்தாள். அடுத்ததாகத் தென்துருவக் கடலின் சீப்பு ஜெல்லிகள் வரப்போகின்றனவாம். அவை பனிப்பாளத்தின் அடிப்பக்கத்தை ஒட்டித் திரிந்து, அங்கே ஒதுங்குகிற இறால் குஞ்சுகளைத் தின்பவை. பிடித்து அனுப்பும் கப்பலுக்கு உதவிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சுகந்தா அதைச் சொன்னாள். கப்பலைப் பற்றியும் சொன்னாள், சொல்லிவிட்டுக் கறிச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மநாதன் சோற்றைப் பிசைந்தார். "எத்தனை மாசமாம்?" என்று கேட்டார்.