தீப்பிடிக்காத ஆட்டுமயிர்

என் வாயில் விழுவதைவிடக் கிணற்றில் விழலாம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மாசியில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

இண்டூர் பக்கம் எங்கள் காடு, அதாவது மேட்டு நிலம். மழையில் நாற்பது செந்தூரா மாங்கன்று நட்டிருந்தேன். அதற்கு முன்னால் வைத்த தென்னை காய்ந்து செத்ததால், இதுவும் செத்தால் காட்டை பிளாட் போட்டு விற்கும் மனைக்காரனுக்கு விற்றுவிடுவதென்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் விடிவதற்குள் ஓசூர் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். போர்வெல் அரைமணி நேரம் ஓடிக் காற்றைத்தான் கக்கும். குடத்தில் சுமந்து ஊற்றியது நான். முதல் கோடையைத் தாண்டினால் கன்று பிழைக்கும், காடும் பிழைக்கும்.

அப்போதுதான் எங்கள் ஓடையில் ஆட்டுமயிர் கிடப்பதைப் பார்த்தேன். கர்நாடகா எல்லையிலிருந்து கருப்புச் செம்மறி ஆடுகளை ஓட்டிவந்து கிடை போட்டிருந்தவர், வெயிலுக்கு முன்னால் மயிர் கத்தரித்து மொத்தத்தையும் ஓடையில் தள்ளியிருந்தார். பாலத்துக் குழாய் அடைத்துக்கொண்டு நாறியது. அந்தத் தண்ணீரில்தான் ஊர் மாடு வாய் வைக்கும். ஆட்டைக் கட்டுப்பாடில்லாமல் மேயவிட்டு ஓடைக்கரைப் புல்லை வேரோடு தீர்த்தது போதாதா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். ஆட்டுக்காரர் கையை விரித்தார்.

"எவனும் வாங்கறதில்லீங்கக்கா. வண்டி வாடகைக்கே தேறாது. வெட்டலன்னா ஆடு வெயில் தாங்காது. நான் என்ன பண்ணட்டும்?"

வாங்க ஆளில்லை என்பது உண்மைதான். எங்கள் வீட்டிலேயே கம்பளி என்ற பெயரில் வாங்கிய போர்வைகள் அத்தனையும் பிளாஸ்டிக் நூல். பேன் மருந்து போட்ட மயிரா என்று கேட்டேன். கத்தரித்த பிறகுதான் மருந்து என்றார். நான்கு மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மண் ஈரம் காயாமலிருக்கக் கன்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பி, நாய் இழுக்காமலிருக்க மேலே கல் வைத்தேன். முதல் வாரம் கிடா நாற்றம். கன்றுக்கு ஸ்வெட்டரா என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் தினமும் சுமந்த தண்ணீரை நான்கு நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும் என்றாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மயிரைத் தூக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைக்காரன் பேச்சை எடுக்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் எனக்கு மாமா முறை. தக்காளிக்கு ஈரம் காக்க மண்மேல் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் போடுவார். அறுப்பு முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் கிழிந்து பறந்துவந்து என் வேலியில் தொங்கும். எத்தனை வருஷமாகப் பொறுக்குகிறேன்! ஒருநாளும் அவர் வந்து ஒரு துண்டைப் பொறுக்கியதில்லை.

பங்குனியில் அவர் வீட்டுச் சினைமாடு மாதம் நிறையும் முன்பே கன்றை வீசிவிட்டது. மாட்டு டாக்டரைக் கூப்பிடவில்லை. குறிகாரனிடம் போனார். காட்டு எல்லையில் கருப்பு மயிர் புதைந்திருக்கிறது, செய்வினை என்று அவன் சொல்லியிருக்கிறான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று?

புகை நாற்றம் கண்டு நான் ஓடிப்போவதற்குள் எல்லை ஓரத்து எட்டுக் கன்றும் தண்டு வரை கருகியிருந்தன. டீசல் கேன் அவர் காலடியில் இருந்தது. செடி மேல் டீசல் ஊற்ற மனசு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"மொதல்ல தீக்குச்சிதாம்மா வெச்சேன். புடிக்கல. சுருண்டு சுருண்டு அணைஞ்சு போச்சு. சாதாரண மசுருன்னா அணையுமா? அப்பதான் எனக்கு உறுதியாச்சு."

ஆட்டுமயிர் லேசில் தீப்பிடிக்காது. அதன் இயல்பு அது. அந்த நல்ல குணமே என் கன்றுகளுக்கு எமனாக வந்தது. வரப்பில் நின்ற அவர் டிராக்டரைப் பார்த்தேன். முகப்பில் மணிக்கட்டுத் தடிமனில் கருப்புக் கயிறு.

"கண்ணு படக்கூடாதுன்னு வண்டிக்குக் கருப்புக் கம்பளிக் கயிறு கட்டறீங்க. அதே மசுர நான் செடிக்குப் போட்டா செய்வினைங்களா மாமா?"

"அது கடையில வாங்கினதும்மா."

அதற்குமேல் நான் பேசியதை எழுத முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கயிறு கம்பளிகூட இல்லை, நைலான்.

ஒரு வாரம் கழித்து மாமா சமாதானத்துக்கு வந்தார். தோளில் ஒரு சுருள் மல்ச்சிங் ஷீட். இதைப் போட்டுக்கொள், சுத்தமானது, எந்த வம்பும் வராது என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், பிழைத்திருந்த ஒரு கன்றின் மயிருக்கடியில் வைத்தேன். உச்சி வெயில். மண் சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"ஈரமாத்தான் இருக்குது," என்றார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் எல்லையில கருப்பு ஆகாதும்மா. வெள்ளை மசுரா இருந்தாப் பரவால்ல," என்றார்.

சுருளைத் தூக்கி அவர் தோளிலேயே வைத்தேன்.

"எட்டுக் குழி அப்படியே கெடக்குது மாமா. கருப்போ வெள்ளையோ போடுங்க. கன்னு வெச்சு, தண்ணி சொமந்து, நீங்களே பொழைக்க வெச்சுக் குடுங்க."

முப்பத்திரண்டு கன்று கோடையைத் தாண்டிவிட்டன. காடு எங்களிடம்தான் இருக்கிறது. மாமா இன்றுவரை குடத்தோடு வரவில்லை. நானும் அந்த எட்டுக் குழிகளை மூடவில்லை.