நீலப் புள்ளி நகர்ந்த காலை

அப்பாவுக்கு மறதி நோய் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகும் அவருடைய கோல்ஃபை நாங்கள் நிறுத்தவில்லை. வங்கி அதிகாரியாக இருந்த காலத்தில் பழகிய ஆட்டம் அது. சாப்பிட்டாரா இல்லையா என்பதே நினைவில்லாத நாட்களிலும், மட்டையைக் கையில் கொடுத்தால் தோள் தானாகத் திரும்பும். அடையாறிலிருந்து காலையில் நானே காரில் கொண்டுபோய் விடுவேன். நந்தனத்தில் கோல்ஃப் மைதானத்து வாசலில் அவருடைய கேடி காத்திருப்பார்.

கேடி என்றால் நம் ஊரில் போக்கிரி. கோல்ஃபில், ஆடுபவரின் பையைச் சுமந்து கூடவே நடப்பவர். "நான் நல்ல கேடிம்மா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சைதாப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அப்பாவை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் தி. நகரில் இருந்த என் அலுவலகத்துக்குப் போய்விடுவேன்.

அதற்குள் மைதானத்தில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட் வாட்ச் ஏறியிருந்தது. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழி எவ்வளவு தூரம் என்று அதுவே காட்டிவிடும்.

"முன்னாடியெல்லாம் எவ்ளோ தூரம்னு என்னைக் கேப்பாங்க. இப்போ கையைக் கேக்கறாங்கம்மா" என்றார் கேடி. மற்ற கேடிகளில் சிலருக்கு அதன்மேல் கோபம். இவருக்கு ஆசைதான். யாராவது கழற்றி வைத்தால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அமெரிக்காவிலிருந்து தம்பி அப்பாவுக்கும் ஒன்று அனுப்பினான். தூரம் பார்க்க அல்ல. அதைக் கட்டியிருந்தால் அப்பா இருக்கும் இடம் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். வேலைக்கு நடுவே திறந்து பார்ப்பேன். புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். மனசு அடங்கும்.

அப்பாவுக்கு அது ஒத்துவரவேயில்லை. வாட்ச் அதிர்ந்தால் பூச்சி ஊர்வதுபோலக் கையை உதறுவார். "யாரோடதோ இது, கொடுத்துடு" என்பார். ஒருநாள் ஆட்டம் தொடங்கியதுமே கழற்றிக் கேடியிடம் நீட்டியிருக்கிறார். தொலைந்துவிடக் கூடாதே என்று கேடி அதைத் தன் கையில் கட்டிக்கொண்டார். பாதி ஆட்டத்தில் பந்து புதருக்குள் போயிற்று. அவர் தேடி எடுத்துக்கொண்டு வந்தபோது மட்டை மட்டும் புல்லில் கிடந்தது. அப்பா இல்லை.

கேடி மைதானம் முழுக்க ஓடி ஓடித் தேடிய அதே நேரத்தில்தான் நான் போனைப் பார்த்தேன். புள்ளி வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது. அப்பா இன்று உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சற்று நேரத்தில் கேடி கூப்பிட்டார்.

"சாரைக் காணோம்மா."

"மைதானத்துலதானே காட்டுது, அண்ணா?"

"வாட்சு என் கைல கீதும்மா."

போலீஸில் சொன்னோம். நந்தனம் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தோம். அப்பாவின் சட்டைப்பையில் என் எண் எழுதிய அட்டை இருந்தது. அதைப் பார்த்து, தி. நகரில் ஒரு துணிக்கடைக் காவலாளி கூப்பிட்டபோது மாலையாகிவிட்டது. அப்பாவை அவர் தன் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். இடது கையில் கோல்ஃப் கையுறை அப்படியே இருந்தது. உதடு வெடித்திருந்தது.

என்னைக் கண்டதும் அப்பா மரியாதையாக எழுந்து நின்றார். "சாரி மேடம், பேங்க் மூடியாச்சு. நாளைக்கு வாங்க."

பக்கத்தில் நின்ற கேடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அத்தோடு கோல்ஃப் நின்றது. மறுநாள் கேடி வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "என்னை நாலு வார்த்தை திட்டிடுங்கம்மா" என்றார். திட்ட எனக்கு என்ன இருந்தது?

இப்போது அவர் வேறொருவருக்குப் பை சுமக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் அப்பாவைப் பார்க்க வருவார். அவரை மட்டும் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

போன வாரம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார். "இந்தம்மா ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு டீ சொல்லுப்பா."

கேடி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எங்கள் சமையலறைக்குள் போய், எது எங்கே என்று தெரியாமல் டப்பாக்களைத் திறந்து மூடி, அவரே டீ போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன். அப்பாவுக்குத் திருப்தி.