அப்பா உண்ட முதிரை

இக்கட்டுரையில் அப்பாவைப் பற்றி எழுதுபவை யாவும் நான் கண்ணால் கண்டவை. அன்றேல், அம்மாவையும் பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்காவையும் தனித்தனியே கேட்டபோது இருவரும் ஒன்றுபோலச் சொன்னவை. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள், சான்றில்லாத அடைமொழியைத் தந்தைக்கேயாயினும் சூட்டலாகாது. 'எல்லைப் போராட்டத்தில் குருதி சிந்தியவர்' என்று அப்பாவின் மறைவுக்கு உறவினர் சுவரொட்டி அடித்திருந்தனர். குருதி சிந்தியது மெய். சிந்திய விதத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன்.

அப்பா வெள்ளறடையில் பிறந்தார்கள். பிறந்த நாள் எந்தத் தாளிலும் இல்லை. ஆகவே இங்கும் இல்லை. இளமையிலேயே தந்தையை இழந்து, பனச்சமூட்டில் குடியேறி, இரண்டு காளையும் ஒரு வண்டியுமாக மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கைப் பாறசாலைச் சந்தைக்கு ஏற்றிச் சென்று எங்களை வளர்த்தார்கள். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று கூட்டங்கள் நடந்த காலத்தில் அப்பா மேடையேறிப் பேசியதாகச் சிலர் கூறுவர். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. கூட்டத்துக்குப் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிச் சென்றதற்குச் சான்று உண்டு. அவற்றுள் ஒன்று அவர்களுடைய வலக்கால் பெருவிரல்மேல் விழுந்தது.

புண் ஆறவில்லை. நெய்யாற்றின்கரை வைத்தியர் ஒருவர் பார்த்து, நீரிழிவு என்றார். புண் பரவினால் விரலையும், மேலும் ஏறினால் காலையும் எடுக்க நேரும் என்றார். நாள்தோறும் வைத்துக் கட்ட எண்ணெய் தந்து, பத்தியச் சீட்டை மலையாளத்தில் எழுதினார்: சோறு ஆகாது, மரச்சீனி ஆகாது, முதிரையும் முதிரை மாவும் உண்ணலாம்.

வழக்கு இங்கேதான் தொடங்கிற்று. மலையாளத்தில் முதிரை என்றால் கொள்ளு. எங்கள் பேச்சில் காணம். காளைகளுக்கு அன்றாடம் அவித்து வைப்பதும் அதுவே.

"காளைக்கும் எனக்கும் ஒரே பானையா? என்னை வண்டியில பூட்டப் போறியா?" என்றார்கள் அப்பா.

"காளை சொன்னாக் கேக்கும். நிங்களைப் பூட்டி என்ன செய்ய?" என்றார்கள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போது தமிழ் படித்துமுடித்து வேலைக்குக் காத்திருந்தேன்.

"மக்கா, முதிரைன்னு தமிழ்ல உண்டா?"

"உண்டுப்பா. பழைய நிகண்டுல பயறு, உளுந்து, துவரை எல்லாத்துக்கும் அது பொதுப் பேராக்கும்."

"கேட்டியா? நம்ம சொல்லைத்தான் அவரு அந்த எழுத்துல எழுதியிருக்காரு. காணம் மட்டும்னு எங்க உண்டு?"

"வைத்தியரு நிகண்டு பாத்தாக்கும் சீட்டு எழுதுகாரு?" என்ற அம்மா என்னிடம் திரும்பினார்கள். "உனக்க படிப்பு அப்பாக்க காலை எடுக்காம பாத்துக்கோ."

நான் சொன்ன பொருளில் பிழையில்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல், கட்டுப் போடும்போதெல்லாம் புண்ணை ஒரு நூலால் அளந்து முடிச்சிட்டு வந்தேன்.

அப்பாவின் இலையில் பயற்றுமாவு அடையும் உளுந்தங்களியும் துவரைச் சுண்டலும் மாறி மாறி வந்தன. ஞானம்மாள் அக்கா தம் திரிகையில் மாவு திரித்துத் தந்தார். முதல் வாரம் நூல் குறையவில்லை. இரண்டாம் வாரம் சற்றே குறைந்தது. "பாத்தியா, நிகண்டுக்க குணம்" என்று அப்பா இன்னுமோர் அடை கேட்டார்கள். மூன்றாம் வாரம் காளைகள் மெலிந்தன.

"இதுகளுக்கு என்ன தீனம்? காணம் வைக்கலியா?" என்றார்கள் அப்பா.

அம்மா அடுப்பை ஊதப் போனார்கள். மாவு கொண்டுவந்த ஞானம்மாள் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணா, அதுகளுக்க பங்கை நிங்களாக்கும் தின்னுகது."

எல்லா மாவிலும் அம்மா காணத்தைக் கலந்து திரிக்கச் செய்திருந்தார்கள். எந்த நாளிலிருந்து, எவ்வளவு என்று நான் கேட்டேன். "கைக்கு வந்த அளவு" என்பதற்குமேல் விடை இல்லை.

அப்பா இலையைத் தள்ளினார்கள். "மாட்டைப் பட்டினி போட்டுத் தின்னுகவனா நான்?" அன்று முழுவதும் ஒன்றும் உண்ணவில்லை. அஞ்சிய நான் மறுநாட்காலை முதல் பேருந்தில் வைத்தியரிடம் சென்று, முதிரை என்று அவர் எழுதியது காணத்தையா, பயறு வகை அனைத்தையுமா என்று கேட்டேன்.

"புண்ணு ஒணங்குதா?" என்றார் அவர்.

"ஒணங்குது."

"பின்ன என்னத்துக்குக் கேக்கிய? தின்னதையே தின்னச் சொல்லு."

இதை வீட்டில் சொன்னேன். அப்பா மறுபடியும் நிகண்டுக்கு வந்தார்கள்.

"பொதுப் பேருன்னா காணமும் அதுக்குள்ள உண்டும்லா, மக்கா?"

"உண்டுப்பா."

"அப்பம் அடை போடச் சொல்லு. முதல்ல காளைக்கு வை."

மழை தொடங்குமுன் புண் மூடிற்று. பின்னர், மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது, எல்லை வரையப்பட்டது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. செய்தி கேட்ட அப்பா, அன்று மாலையில் காலைக் கழுவும்போது, "தாலுகா போச்சு. விரல் நிக்கி" என்றார்கள். அதற்குப்பின் வாழ்ந்த ஆண்டுகளிலும் காணம் கலந்த அடையை விடவில்லை. அதைக் காணம் என்று சொன்னதுமில்லை.

கடைசி நாட்களில் அவர்கள் அதிகம் துன்புறவில்லை. உயிர் பிரிந்து உடலை நீராட்டியபின், வழக்கப்படி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட உறவினர் துணி கேட்டனர். அம்மா தம் சேலையோரத்தைக் கிழித்துத் தந்தார்கள். கட்டுவதற்கு இரண்டு விரல்களும் இருந்தன.

மாவு திரித்த ஞானம்மாள் அக்காவுக்கும், இறுதிவரை உடனிருந்து பார்த்த அண்டை வீட்டாருக்கும், பாறசாலையிலிருந்தும் பூவாரிலிருந்தும் வந்து தோள்கொடுத்த உறவினர்க்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டுள்ளது.

அறியக் கிடைக்காதவை: புண்ணை ஆற்றியது எண்ணெயா, பயறா, காணமா என்பது. வைத்தியர் எழுதிய முதிரை எம்மொழிச் சொல் என்பது. அம்மா கலந்த அளவு.