தாய்மாமன் தண்ணீரும் மூன்றாவது ஆட்டமும்

நான் வேலை செய்யும் விளையாட்டரங்கில் ஒரு விநோதமான பழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கி எங்கள் ஊர் அணி முதல் புள்ளியை எடுக்கும் வரை, பார்க்க வந்தவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். மெத்தை வைத்த நாற்காலி பின்னால் சும்மா கிடக்கும். முழங்காலில் கட்டுப் போட்டவர், கைக்குழந்தைக்காரி, வயிறு தள்ளிய பெரிய மனிதர் எல்லோரும் நின்றபடி கைதட்டிக்கொண்டே இருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊன்றுகோலுடன் நின்ற ஒரு அம்மாவிடம் போய், உங்கள் நாற்காலி இதுதான், உட்காருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாங்கள் தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா என்று கேட்டார். அவர் பெயர் லிண்டா. பிறகு சிநேகிதமாகிவிட்டோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் வரை நின்று பழகிய சனத்தில் பிறந்தவள் நான். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று எங்கள் நோர்வூட்டில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது அமெரிக்காவின் மேற்கே, பாலைவனத்தில் கட்டிய ஒரு நகரம். என் கணவருக்குக் குலுக்கலில் விசா விழுந்து வந்து சேர்ந்தோம். இங்கே பெண்கள் கூடைப்பந்து ஆடுவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். சம்பளம், மருத்துவர், தனி விமானம் எல்லாம் உண்டு. கோடை முழுதும் ஆடி, கடைசியில் மிஞ்சும் இரண்டு அணிகள் கோப்பைக்காகத் தொடராக மோதும். யார் முதலில் மூன்று ஆட்டம் வெல்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. எங்கள் அணி வெளியூரில் முதல் இரண்டையும் தோற்றுவிட்டு மூன்றாவது ஆட்டத்துக்கு ஊர் திரும்பியிருந்தது. இதிலும் தோற்றால் கதை முடிந்தது. என் வேலை கீழ் வரிசைப் படிக்கட்டைப் பார்த்துக்கொள்வது. பந்து ஓடும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது விதி. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் வருவது மாதிரியான உத்தியோகம். ஆட்டத்தை நான் லிண்டாவின் முகத்தில்தான் பார்ப்பேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து ஆடியவள். அந்த ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் கால் நின்றுவிட வேண்டும். நகர்ந்தால் விசில் ஊதிவிடுவார்கள். அதனால் இங்கே முதன்முதலாகக் கூடைப்பந்துப் பயிற்சியைப் பார்த்தபோது, பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் ஒவ்வொருத்தியும் தப்பு செய்வதாகவே தோன்றியது. ஏன் ஒருவரும் விசில் ஊதவில்லை என்று உள்ளுக்குள் பதறினேன். ஆறடிப் பெண்கள் இடித்துக்கொண்டு, வியர்வை வழிய, தரையெல்லாம் தங்களுடையது என்பதுபோல ஓடினார்கள். நான் கோல் போடும் இடத்தில் ஆடியவள். வலய இறுதிப் போட்டிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் வயசுக்கு வந்துவிட்டேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் மூலையில் பச்சைக் கொப்பு கட்டி, பாய் விரித்து, தனித் தட்டு வைத்து உட்கார வைத்தார்கள். லொறியில் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது போட்ட கூச்சல் மூலைக்குள் கேட்டது. ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கூச்சலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் ஆளில்லை. இதை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களும் அந்த மூலையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

எங்கள் குடும்பத்தில் அந்த மூலையிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவர உரிமை உள்ளவர் தாய்மாமன். அவர் சீர்த் தட்டோடு வந்து, தன் கையால் தலையில் தண்ணீர் ஊற்றினால்தான் தீட்டு கழிந்தது என்று கணக்கு. என் தங்கை புவனாவின் மகள் ஹரிணி, அதே பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடுகிறவள், இந்தத் தொடர் தொடங்கிய வாரம் அதே மூலையில் உட்கார்ந்தாள். புவனாவின் புருசன் கட்டாரில். தாய்மாமன் என்றால் எங்களுக்கு இருக்கிற ஒரே சகோதரன் ரவி. கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. லீவு கிடைத்து, சீர்ப் புடவையும் வளையலும் வாங்கிக்கொண்டு இரவு ரயிலில் ஏறிவிட்டான் என்று புவனா சந்தோசமாகச் சொன்னாள். அதே இரவில்தான் மழை பிடித்தது.

மூன்றாவது ஆட்டத்தன்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இங்கே பிற்பகல் வெயில், அங்கே விடிகாலை. புவனா கூப்பிட்டாள். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பேசினாள்.

"அக்கா, கிராம சேவகர் வந்து மைக்ல சொல்லிட்டுப் போறாரு. நம்ம லயத்துக்கு மேல மலையில வெடிப்பு விட்டுருக்காம். எல்லாரையும் கோயில் மண்டபத்துக்குப் போகச் சொல்றாங்க."

"பள்ளிக்கூடம் என்னாச்சு?"

"அந்தப் பாதையில மண்ணு விழுந்துருச்சு. கோயிலு மட்டுந்தான்."

"அப்ப கெளம்பு, ஏன் நிக்கிற?"

"இவள வச்சிக்கிட்டு எப்படிக்கா? தீட்டோட கோயிலுக்கா? அண்ணன் வந்து தண்ணி ஊத்தாம வெளிய எடுத்து, நாளைக்கு இவளுக்கு ஒன்னுன்னா யாரு பதில் சொல்றது?"

"மலை வந்து விழுந்தா யாருடி பதில் சொல்றது?"

"நீ அங்க இருந்துகிட்டு பேசுவ," என்றாள். லைன் போய்விட்டது. மறுபடி அடித்தேன், அடித்தேன், போகவே இல்லை. என் தங்கை முட்டாள் இல்லை. அந்தத் தோட்டத்தில் பிள்ளை காப்பகத்தைத் தனியாளாக நடத்துகிறவள். அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை, நானும் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு எழுந்தவள்தானே.

ரவிக்கு அடித்தேன். உடனே எடுத்தான். "வட்டவளை ஸ்டேசனோட ரயில நிப்பாட்டிட்டாங்க அக்கா. முன்னால தண்டவாளத்துல மண்ணு. நடந்து போறேன்னேன், விட மாட்டேங்கிறாங்க. புவனாவுக்கு லைன் போக மாட்டேங்குது." நான் விசயத்தைச் சொன்னேன். அவன் எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன், அன்றைக்கு அவன் குரலில் சிரிப்பில்லை. நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "அக்கா, மழ ஊத்துதுல்ல. அது நான் ஊத்துன தண்ணி. தாய்மாமன் சொல்லிட்டேன். புள்ளய வெளிய எடுக்கச் சொல்லு." அதையே குரல் பதிவாகப் போடச் சொன்னேன். போட்டான். அதை நான் புவனாவுக்கு அனுப்பினேன். திரையில் ஒற்றைச் சாம்பல் குறி விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறி, அதைப் பார்த்துக்கொண்டே அரங்கத்துக்குள் போய், அப்படியே ஃபோனை லொக்கரில் வைத்துப் பூட்டினேன். படிக்கட்டில் நிற்பவர்கள் ஃபோன் வைத்திருக்கக் கூடாது. மேற்பார்வையாளரிடம் ஊரில் மழை, என் தங்கை ஃபோன் எடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நல்ல மனுசன். மழை என்றதும் சிரித்துவிட்டு, எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு என்றார். பாலைவனத்துக்காரருக்கு மழை என்றால் நல்ல செய்தி. விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆங்கிலம் வரும். தாய்மாமன், தீட்டு, மலையில் வெடிப்பு எல்லாவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்ல வாய் வரவில்லை.

சனம் எழுந்து நின்றது. எங்கள் அணிக்கு முதல் புள்ளி வரவே இல்லை. எதிரணி போட்டுக்கொண்டே போனது. என் முதுகுக்குப் பின்னால் பந்து தரையில் மோதும் சத்தமும் சப்பாத்துகள் கிறீச்சிடும் சத்தமும் கேட்டன. லிண்டா ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டுக் கைதட்டினார். அவர் கால் நடுங்குவது தெரிந்தது. உட்காருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் உட்கார மாட்டார், உட்கார்ந்தால் அணி தோற்றுவிடும் என்று நம்புகிறார். புவனா எழுந்திருக்க மாட்டாள், எழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று நம்புகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் சீருடை மாட்டிக்கொண்டு நான் ஒரு பயனும் இல்லாமல் நின்றேன். மலை எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது பக்கத்து டிவிசனில் ஒரு லயம் போனது. மறுநாள் போய்ப் பார்த்தால், தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் அப்படியே கீழே வந்து நின்றுகொண்டிருந்தன. கூரை மட்டும் இல்லை. ஆட்டம் முழுக்க அந்தச் செடிகள்தான் கண்ணில் நின்றன. எத்தனையோ பேர் டிக்கெட் கிடைக்காமல் அழுத ஆட்டம் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

கடைசிக் கட்டத்தில் சனத்தின் முகம் மாறியது. முதலில் வாயைப் பொத்தினார்கள், பிறகு தலையில் கை வைத்தார்கள், பிறகு அரங்கமே கூரை பிய்யக் கத்தியது. எங்கள் அணி ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டது. காகிதத் துண்டுகள் மேலேயிருந்து கொட்டின. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. லிண்டா அதைப் பார்த்துவிட்டார். ஊன்றுகோலையும் மறந்து படி இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பார்த்தாயா ஹனி, நின்றால் நடக்கும் என்று சொன்னேனே. இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது," என்றார். அவர் தோளில் அவருக்கும் எனக்கும் சேர்த்து அழுதேன். நீயும் எங்கள் ஆள்தான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

லொக்கரைத் திறந்து பார்த்தேன். குறிகள் இரண்டும் நீலமாக இருந்தன. கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. வெளியே வந்து மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே நடந்தேன். தெருவெல்லாம் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஒருவழியாகப் புவனா எடுத்தாள்.

"அண்ணன் சொன்னத ஹரிணிதான் போட்டுக் காட்டுனா. கேட்டதும் அவளே எந்திரிச்சு மழையில போய் நின்னுட்டாக்கா. பொறகு நான் எப்படி உள்ள இருக்கிறது? பின்னாலயே ஓடியாந்துட்டேன்."

"லயம்?"

"கடேசி ரெண்டு காம்பரா வீடும் போயிருச்சு. ஆளு யாரும் இல்ல. நம்மது இன்னும் நிக்கிது. எவ்வளவு நேரத்துக்கோ."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கோயில் வாசல்ல. செருப்பு கழட்டுற எடத்துல."

"ஏன்டி உள்ள போகல?"

"வாங்கன்னு கூப்புட்டாங்கக்கா. யாரும் நகந்து எடம் விடல. எனக்கும் கால் வரல."

"கோயில் தலைவர்கிட்டக் குடு. நான் பேசுறேன்."

"வேணாங்க்கா. நீ என்ன பண்ண முடியும்? விடு." அவள் குரலில் கோபமில்லை, என்னைத் தேற்றுகிற மாதிரித்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது. ஹரிணியிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். மழை இரைந்தது. அவள் பல் தந்தியடிப்பது அதற்குள்ளேயும் கேட்டது.

"பெரியம்மா," என்றாள். "குளுருது."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். மழை இன்னும் வலுத்தது. பக்கத்தில் யாரோ அசைவது தெரிந்து திரும்பினேன். எப்போது வந்தேன் என்று தெரியவில்லை, பஸ் நிறுத்தத்துக் கூரைக்கடியில், சீருடைக் காலரைத் தூக்கிக் கழுத்தை மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கி ஒதுங்கி நின்றிருந்தேன். அங்கே பஸ்ஸுக்கு நின்ற ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூரைக்கு வெளியே கையை நீட்டி, அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டும் விழவில்லை.