முன்வரிசைக்கு ஒரு முகம்

அட்லாண்டாவில் படம் எடுக்க வருகிறவர்கள் கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எர்னஸ்டின் கேட்ஸ்டனைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணக் கூட்டமோ இழவு வீட்டுக் கூட்டமோ, ஒரே நாளில் திரட்டிவிடுவாள். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. அவள் தொழிலுக்கு வந்த புதிதில், தளத்தில் இன்னொரு கறுப்பு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் சமையல் வண்டிப் பக்கம் போக வேண்டும். இப்போது இயக்குநரே கறுப்புப் பெண். பெயர் கமாரா ப்ளெட்சோ, வயது முப்பத்து மூன்று.

கமாரா தன் படத்தின் தேவாலயக் காட்சிக்காக ஒன்றே ஒன்று கேட்டாள். "மிஸ் எர்னஸ்டின், முன்வரிசையில வயசான முகம் ஒண்ணு வேணும். அட்டக்கறுப்பா இருக்கணும். விளக்கெல்லாம் அந்த முகத்துக்குத்தான் வைக்கப்போறேன்."

அப்படி ஒரு முகம் எர்னஸ்டினுக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் சபை ஆராதனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற லூவீனியா டிஸ்டேல்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு லூவீனியாவை ஒரு படப்பிடிப்புக்கு அழைத்துப் போனவளும் இவள்தான். வெள்ளைக்கார இயக்குநர் வருவதற்கு முன்பே ஆட்களை உட்காரவைத்தாள். வெளிறிய தோல் முன்னால், கறுத்தது பின்னால். பாட்டிமார் காலத்தில் கறுப்பு ஆட்களே சில விருந்துகளின் வாசலில் பழுப்புக் காகிதப் பையைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, அதைவிடக் கறுத்தவர்களைத் திருப்பி அனுப்புவார்களாம். எர்னஸ்டினுக்குப் பை தேவைப்படவில்லை, கண்ணே போதும். லூவீனியாவைத் தூணுக்குப் பின்னால் தள்ளினாள். யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் கேட்பார்கள் என்று இவளே நினைத்துக்கொண்டாள். குனி என்று சொல்வதற்குள் குனிந்துவிடுகிற முதுகு.

படம் வந்தபோது லூவீனியா சபையையே கூட்டிக்கொண்டு போனாள். திரையில் அவளுடைய தொப்பி மட்டும் இரண்டு நொடி எட்டிப் பார்த்தது. சபை சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வருடம் ஆயிற்று.

ஆராதனை முடிந்து, பொரித்த கோழியும் கீரையும் தட்டில் இருக்கும்போது எர்னஸ்டின் விஷயத்தைச் சொன்னாள்.

"போடி! மறுபடியும் தூணைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காரவா?" என்று சிரித்தாள் லூவீனியா. "உன்னைச் சொல்லல. நீ பாவம், என்னை உள்ள கூட்டிட்டுப் போனவ. மறைக்கச் சொன்னது அந்த வெள்ளைக்கார இயக்குநர், நாசமாப் போறவன். என் தங்கச்சி உன்னைத் திட்டினப்போகூட, எர்னஸ்டினைப் பத்தி மூச்சு விடாதேன்னு அவ வாயை அடைச்சேன்."

சொல்லிவிட அதுதான் நேரம். எர்னஸ்டின் கோழியை மென்றாள். "செவ்வாய்க்கிழமை காலையில வந்துடு" என்றாள். அன்று முழுக்க அவளுக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

செவ்வாயன்று லூவீனியா முன்வரிசையில் உட்கார்ந்தாள். விளக்குகளைப் போட்டார்கள். கேமராவில் பார்த்த கமாரா கூவிவிட்டாள். "ஐயோ, இந்த முகம் இத்தனை வருஷமா எங்க ஒளிஞ்சிருந்தது? மிஸ் எர்னஸ்டின், உங்க கண்ணே கண்ணு!"

எல்லோரும் கை தட்டினார்கள். லூவீனியாதான் பலமாகத் தட்டினாள். அதைத்தான் எர்னஸ்டினால் தாங்க முடியவில்லை.

"அது ஒளியல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். லூவீனியா, அந்தத் தூணுக்குப் பின்னால உன்னை உக்காரவெச்சது நான்டி. அந்த வெள்ளைக்காரன் சொல்லல. அவன் அப்போ வந்திருக்கவே இல்ல."

கைதட்டல் நின்றது. லூவீனியா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா தப்பான ஆளுக்குச் சாபம் விட்டுட்டு இருந்திருக்கேன்" என்றாள். பிறகு கமாராவின் பக்கம் திரும்பினாள். "நீ எடும்மா. இவளை மட்டும் என் கண்ணுல படாம இருக்கச் சொல்லு."

எர்னஸ்டின் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.