ஏழரைத் தலைக் கணக்கு

பிளேடால் பென்சில் சீவும்போது எழும் மர வாசனை பலருக்குப் பிடிக்குமாம். எனக்கு அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அறுபத்தெட்டில், பென்னாகரத்தில் ஒன்பதாவது படித்தபோது, நான் சீவித் தீர்த்த பென்சில்கள் கொஞ்சமல்ல, அவற்றால் வரைந்து முடித்த ஆட்கள்தான் கொஞ்சம்.

சனிக்கிழமைதோறும் பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறி டிராயிங் வகுப்புக்குப் போவேன். பூவும் கூஜாவும் ஒழுங்காக வரும். ஆளை வரைந்தால் மட்டும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்கும். டிராயிங் பரீட்சைக்கான விண்ணப்பத்தில் சார் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவர், பொங்கலுக்குள் நேரில் பார்த்து வரைந்த ஐம்பது ஆட்கள் நோட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "காலண்டரப் பாத்து வரைஞ்சா கைதான் பழகும், கண்ணு பழகாது" என்பார்.

ஆளை அளக்கும் வழி இதுதான், பிள்ளைகளே: கையை நேராக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் நிற்பவரின் தலை பென்சிலில் எவ்வளவு என்று கட்டைவிரலால் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு உடம்பு முழுவதும் அந்தத் தலை எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். "வளந்த ஆளுக்கு ஏழரைத் தலை" என்பது சாரின் கணக்கு.

பக்கத்து வீட்டு மாதம்மா அக்கா வாசலில் புளி காயவைத்துக்கொண்டு நின்றார். நான் எதிரே நின்று கையை நீட்டி ஒரு கண்ணை மூடினேன்.

"ஏன்டா, என்னயப் பாத்தா கண்ணடிக்கற?"

"இல்லீங்கக்கா, அளக்கறேன். உங்களுக்கு ஆறரைதான் வருது. கொஞ்சம் நிமிந்து நில்லுங்க, ஏழரை வந்துரும்."

சனி பகவான் ஒருவரைப் பிடித்து ஆட்டும் ஏழரை வருஷத்தை எங்கள் பக்கம் வெறுமே 'ஏழரை' என்பார்கள். அது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"இப்பத்தான் எங்க வூட்டுக்காரருக்கு முடியுது. அடுத்தது எனக்கா? அதையும் நிமிந்து நின்னு வாங்கிக்கணுமா?" என்று புளியை அப்படியே போட்டுவிட்டு எங்கள் அம்மாவிடம் போனார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் நோட்டை விரித்தால் ஆட்கள் வீட்டுக்குள் போனார்கள். சொந்தத் தாய்மாமனே, "என்னய விட்ருப்பா, பொண்ணு கலியாணம் இருக்குது" என்றார். அம்மாவோ, "பூவ வரைஞ்சாப் பத்தாதா? அது ஒண்ணும் கேக்காது" என்றார். நோட்டில் அப்போது பதினெட்டுப் பேர்தான்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒகேனக்கல் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பின்னால் நின்று வரைந்தேன். முப்பத்திரண்டு முதுகுகள். சார் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, பதினெட்டுக்கு மேல ஒருத்தனுக்கும் மூஞ்சி இல்லையா?"

"முதுகு எதுவும் கேக்கறதில்லீங்க சார்."

தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பரீட்சையிலோ ஸ்டூலில் உட்கார வைத்த ஆள் என்னை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தும் காதும் வந்தன. முகத்துக்குப் பதில் கண் வைத்த கூஜா வந்தது. பெயில்.

அடுத்த வருஷம், தினம் ஒரு முகம் என்று வைத்துக்கொண்டேன். அழுதுகொண்டு கேட்டதால் முதலில் உட்கார்ந்தவர் மாதம்மா அக்காதான். "வரைஞ்சுக்க. எத்தனன்னு மட்டும் வாயத் தொறக்காத" என்றார். உட்கார்ந்தாரே ஒழிய, காக்காயை விரட்ட ஒருமுறை, பையனைத் திட்ட ஒருமுறை என்று திரும்பிக்கொண்டே இருந்தார். நான் அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையானது. ஒரு மாதம் போனபின் யாரை வரைந்தாலும் மூக்கு அதன் இடத்தில் நின்றது. இரண்டாம் தடவை பாஸானேன்.

இப்போது யாரையும் யாரும் அவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பதில்லை. அதற்காகத் திட்டு வாங்குவாரும் இல்லை. என் கடைசிப் பேத்தியும் ஓவிய வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் என்னை வரையப் போவதாகச் சொன்னாள். சட்டை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் ஒரு படம் பிடித்தாள். "போதுங்க தாத்தா, நீங்க எந்திரிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, போனைப் பார்த்து வரைய ஆரம்பித்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் அவளுக்கு எதிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.