விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் பக்கம் வரும் மினி பஸ்ஸில் இன்றைக்கும் கண்டக்டர், “ஓட்டு ஸ்கூலெல்லாம் முன்னால வாங்க” என்று கூப்பிடுகிறார். இறங்கிப் பார்த்தால் ஓடும் இருக்காது, ஸ்கூலும் இருக்காது. ஒரு பேக்கரி, ஒரு செல்போன் கடை, துணி ரோல்களை இறக்கிக்கொண்டிருக்கும் டெம்போ, அவ்வளவுதான். பீகாரிலிருந்து போன மாதம் வந்த பையன்கூட ‘ஓட்டு ஸ்கூல்’ என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறான். அந்தக் கட்டடம் ஏன் போனது என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

ஐந்து அறைகள் வரிசையாக இருக்கும். முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரம், மேலே சிவப்பு ஓடு. சுவர்கள் அவ்வளவு தடிமனானவை என்பதால் சித்திரை வெயிலிலும் முதுகைச் சாய்த்தால் சில்லென்றிருக்கும். எங்கள் தலைமையாசிரியரைப் பெரிய வாத்தியார் என்றுதான் ஊரே சொல்லும். அவரும் அதே பள்ளியில், அதே ஐந்தாம் வகுப்பு அறையில் படித்தவர். கதவுக் கீல்களுக்குத் தாமே எண்ணெய் விடுவார். ஓடு நழுவினால் ஆள் வரும்வரை பொறுக்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். ஓய்வுபெற அவருக்கு இரண்டு வருடம்தான் மீதி இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் எங்கள் அறையின் பக்கச் சுவரில் ஒரு விரிசல் விட்டிருந்தது. ஓட்டுக்குக் கீழே தொடங்கி, கரும்பலகையின் ஓரமாக வளைந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தலை உயரத்துக்கு இறங்கியிருந்தது. பெரிய வாத்தியார் மனு மேல் மனுவாக எழுதிப்போட்ட பிறகு ஒரு என்ஜினீயர் வந்தார். விரிசலை விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை மூன்றாகக் கிழித்து, பசை தடவி, விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

“பழைய கட்டடம்னா விரிசல் இருக்கத்தான் செய்யும். ஒரு மாசம் பார்ப்போம். காகிதம் கிழிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம், எழுதிப் போடுங்க. கிழியலைன்னா இதோட விட்டுருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் காலையில் அந்தக் காகிதங்களைப் பார்த்துவந்து சொல்லும் பொறுப்பு, வகுப்புத் தலைவியான எனக்கு வந்தது. நான் அதைக் காவல் வேலையாகவே எடுத்துக்கொண்டேன். கட்டடம் ஆகாது என்று எழுதிவிட்டால் எங்களையெல்லாம் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவ்வளவு தூரம் நடக்கவிட மனமில்லாமல் சில வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள் என்பது எங்களுக்கே தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அக்கா அப்படித்தான் போயிருந்தாள். ஆகவே அந்தக் காகிதம் கிழியக் கூடாது. யாரும் கிழித்துவிடவும் கூடாது.

கிழிக்கக் கூடியவர் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குச் சீக்கிரமே பட்டுவிட்டது. அவர் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

பள்ளிச் சுவருக்கும், பனியன் துணி பின்னும் மாமாவின் நிட்டிங் கம்பெனிக்கும் நடுவே ஒரு சந்துதான். நான்கு மிஷின் வைத்திருந்தார். கரண்ட் போகும் நேரத்துக்காக ஒரு பெரிய ஜெனரேட்டரைச் சந்திலேயே, எங்கள் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார். பள்ளிக்கூடம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் நூல் மூட்டை கொண்டுவரும் லாரி உள்ளே திரும்ப முடியவில்லை, இது இல்லாவிட்டால் எவ்வளவு சௌகரியம் என்று அவர் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதை அப்பா மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

காகிதம் ஒட்டிய பிறகு மாமாவின் நடத்தை மாறியது. சாயங்காலம் நான் கம்பெனி வாசலைத் தாண்டும்போது அவரே வெளியே வந்து நிற்பார். கையில் கடலை மிட்டாய் இருக்கும்.

“ஏங்கண்ணு, அந்தச் செவுத்துக் காயிதம் கிழிஞ்சிருக்குதா?”

“இல்லீங்க மாமா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தனுங்க.”

அதைக் கேட்டதும் அவர் முகம் எப்படியோ ஆகும். ஏமாற்றம் என்று நான் முடிவு செய்தேன். மிட்டாயை வாங்கிக்கொள்வேன், ஆனால் தின்ன மாட்டேன். இரண்டு நாள் அப்படி இருந்துவிட்டு மூன்றாம் நாள் தின்றுவிட்டேன். சந்தேகத்தை மட்டும் விடவில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், மாமா எந்தக் கிழமை என்ன கேட்டார் என்று எழுதிவைக்க ஆரம்பித்தேன்.

மாதம் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி விட்டபின் மறந்துவைத்த தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தேன். வகுப்பில் மாமா தனியாக நின்றிருந்தார். விரிசலுக்குப் பக்கத்தில் சுவரின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் திறப்பதற்குள் நான் பாட்டிலைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் மூன்று காகிதமும் இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன.

அம்மா ஒரு பனியன் கம்பெனியிலிருந்து துணிக்கட்டு வாங்கிவந்து வீட்டில் பிசிறு வெட்டுவாள். உடன் உட்கார்ந்து நானும் வெட்டியிருக்கிறேன். கிழிந்த விளிம்பு எப்படி இருக்கும், வெட்டிய விளிம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காகிதங்களின் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கோடு போட்டதுபோல் நேராகப் போயிருந்தது.

ஓடிப்போய்ப் பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். “ஐயா, காயிதம் கிழியலீங்க. ஆரோ அறுத்திருக்காங்க.”

அவர் என்னைப் பார்க்காமல் வருகைப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி கண்ணு. நான் ஆபீசுக்கு எழுதிப் போடறேன். நீ போய் உக்காரு” என்றார். அவர் சட்டைப் பையில் எப்போதும் பாதி பிளேடு ஒன்று காகிதத்தில் மடித்து இருக்கும். யார் பென்சில் நீட்டினாலும் சீவிக் கொடுப்பார். அன்றைக்கு நீட்டியவர்களை எல்லாம், பிளேடு தொலைந்துபோயிற்று என்று திருப்பி அனுப்பினார். நான் அதை நோட்டில் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “மாமனப் பத்தி இன்னொருக்கா இப்படிப் பேசுனயின்னா வாயிலேயே போடுவேன்” என்றாள். அப்பா, “உங்கண்ணன் செஞ்சாலும் செய்வாரு” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை என்ஜினீயர் வந்தார். பெற்றோர்கள் சிலர் கூடியிருந்தார்கள். மாமாவும் வந்து கதவோரம் நின்றார். என்ஜினீயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, “கிழிஞ்சுதான் இருக்கு” என்று பேனாவை எடுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

“சார், அது கிழியலீங்க. பிளேடு வெச்சு அறுத்திருக்குதுங்க. கிழிஞ்சிருந்தாப் பிசிறு நிக்குமுங்க.”

அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். இந்த முறை கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரும்மா அறுத்தது?”

“எங்க மாமாங்க. சனிக்கிழமை செவுத்து மேல கைய வெச்சுட்டு நின்னாருங்க. நான் பாத்தனுங்க.”

அறையில் இருந்த அத்தனை பேரும் கதவோரம் திரும்பினார்கள். மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெரிய வாத்தியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அவர் நெற்றியில் வேர்வை இருந்தது.

என்ஜினீயர் பேனாவை மூடினார். “ஆளாளுக்கு விளையாடறீங்களா? வேற காகிதம் ஒட்டறேன். இன்னும் ஒரு மாசம் போகட்டும்.”

“ஒரு நிமிசம் இருங்க சார்” என்றார் மாமா. வெளியே போனார். சந்தில் ஜெனரேட்டர் செருமி, புகைவிட்டு, ஓட ஆரம்பித்தது. திரும்பி வந்து நேராகச் சுவரிடம் போனார்.

“காயிதத்த விடுங்க சார். இங்க கைய வெச்சுப் பாருங்க.”

என்ஜினீயர் வேண்டாவெறுப்பாகக் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. விரிசலின் வாயிலிருந்து சுண்ணாம்புத் தூள் பொல பொலவென்று அவருடைய ஷூவின் மேல் கொட்டியது.

“இது எப்ப இருந்து?”

“ஜெனரேட்டரு போட்ட நாள்ல இருந்துங்க. எனக்கு ஒரு வருசமாத் தெரியும். நிறுத்துனா வேல நின்னு போயிருமேன்னு வாய மூடிட்டு இருந்தனுங்க. சனிக்கிழமையும் அதத்தான் பாத்துட்டு நின்னனுங்க.”

பிள்ளைகளை உடனே வெளியே கூட்டிப்போகச் சொல்லிவிட்டு என்ஜினீயர் உத்தரவை அங்கேயே நின்று எழுதினார். அன்று மாலைக்குள் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்கள். கரண்ட் பாதி நேரம் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் இல்லாமல் நிட்டிங் ஓட்ட முடியாது. மாமா மிஷின்களைக் கழற்றிப் பொங்கலூர்ப் பக்கம் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் நான் அசையவில்லை. ‘மாமா ஒன்றை ஒப்புக்கொண்டார், இன்னொன்றை மறைக்கிறார்’ என்று நோட்டில் எழுதினேன். காகிதத்தை அறுத்தது யார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை அல்லவா?

அடுத்த வாரம் எங்களுக்கு டி.சி. கொடுத்தார்கள். பெரிய வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நடந்துபோய், புதுப் பள்ளியில் சேர்ப்பதாகப் பெற்றவர்களிடம் வாக்கு வாங்கி வந்திருந்தார். என் டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“உங்க மாமா உன்கூடப் பேசறாரா கண்ணு?”

“இல்லீங்கையா. எங்கம்மாவும் அவிங்க ஊட்டுக்குப் போறதில்லீங்க.”

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். “வா” என்று என்னை மாமாவின் கம்பெனிக்குக் கூட்டிப்போய், வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே மிஷினைக் கழற்றும் சுத்தியல் சத்தம். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பெரிய வாத்தியார் ஏதோ சொல்வதும், மாமா தலையைத் தலையை ஆட்டுவதும் தெரிந்தது. பிறகு பெரிய வாத்தியார் இரண்டு கையையும் கூப்பினார். ஊரில் எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். மாமா பதறிப்போய், கிரீஸ் அப்பிய தன் கையால் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் கூட்டு.

ஐப்பசி மழையில் ஐந்தாம் வகுப்புச் சுவர் உட்பக்கமாக விழுந்தது. பள்ளி நடக்கிற ஒரு நாளில், முற்பகலில், முன்வரிசை இருந்த இடத்தின் மேல் ஓடும் உத்தரமுமாகச் சரிந்து கிடந்தது. அப்போது நாங்கள் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். சாயங்காலம் அம்மாவிடம், “அவிங்க ரெண்டு பேரும் சேந்து தள்ளி உட்டிருப்பாங்க” என்றேன். அம்மா என்னை இழுத்து, வலிக்கிற அளவுக்கு இறுக்கிக்கொண்டாள். வாயை அடைக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் அவளே மாமா வீட்டுக்குப் போய்வந்தாள்.

கல்லூரி முடித்து மாமாவின் பொங்கலூர்க் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய வாத்தியார் இறந்த அன்று, இழவு வீட்டிலிருந்து இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமா தானாகச் சொன்னார்.

“அந்தக் காயிதத்த அறுத்தது அவருதான் கண்ணு. மாசம் முடியப் போகுது, காயிதம் கிழியக் காணோம், மழை வேற வருது, செவுரு புள்ளைங்க மேல உழுந்துருமோன்னு அவருக்குப் பயம். அவரு படிச்ச ரூமு அது. ஆனாலும் அறுத்துட்டாரு. பழி எம்மேல உழுந்துருச்சுன்னுதான் அன்னிக்குக் கும்பிட்டாரு.”

“அத ஏன் அவரு என்கிட்டச் சொல்லுலீங்க?”

“நானும் அவருகிட்டக் கேட்டேன். அந்தப் புள்ள பாத்துச் சொன்னது நெசமுங்க, அதப் பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வல்லீங்க, நான்தான்னு சொல்லத் தைரியமும் வல்லீங்கன்னாரு.”

ஒரு பெரியவர் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்டு அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலும் சரி, தெருவிலும் சரி, யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அது பார்வைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான், கம்பெனி வாசலில் நின்றிருந்த எனக்கு அவர்கள் இரண்டு திருடர்களாகத் தெரிந்தார்கள்.